இழை அறுந்தால் தறி நிற்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு குழுவில் தவறை முதலில் பார்க்கிறவர் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நம்ம சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட விட்டால் துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். எவ்வளவு தாமதமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு துணி வீண்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர், தச்சர் வீட்டுப் பிள்ளை. 1924-ல் அவர் கொண்டுவந்த தானியங்கித் தறி, இழை அறுந்த உடனே தானாக நின்றுவிடும். அந்தக் குடும்பம்தான் பிறகு கார் செய்யப் போனது. டொயோட்டா கார் கம்பெனி 1937-ல் வந்தது. அங்கேயும் அதே யோசனைதான். தயாரிப்பு வரிசையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் மேலே தொங்கும் கயிறை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார், சட்டென்று சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. யோசித்துப் பாருங்கள், கடைசிப் படியில் இருக்கிறவர் கையில் ஒரு தொழிற்சாலையையே நிறுத்தும் அதிகாரம்!

நான் வேலை செய்வது மென்பொருள் தயாரிக்கும் குழுக்களோடு. உங்கள் போனில் இருக்கும் ஆப், கடையில் பில் போடும் சாஃப்ட்வேர் மாதிரியானவற்றைச் செய்கிறவர்கள். என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பவர், திரையை வடிவமைப்பவர், புரோகிராம் எழுதுபவர், சோதித்துப் பார்ப்பவர், அப்புறம் வாடிக்கையாளர் போனை எடுப்பவர். இந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் இன்றைக்கு நிறையச் சொல்லப் போகிறேன்.

நம்ம ஊர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்காக ஒரு சின்ன கம்பெனி ஆப் செய்தது. இவ்வளவு கிராம் வெள்ளி கொடுத்தோம், இவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் இவ்வளவு என்கிற கணக்கு. ஆனால் எடை எல்லாமே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மொத்தமாக ஏறியது, கணக்கும் இடித்தது. பட்டறைக்காரர்களுக்கு ஆப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று குழு முடிவு கட்டி, சொல்லிக்கொடுக்க வீடியோ எடுக்கக் கிளம்பிவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். குழுத் தலைவியாக இருந்த அம்மா, கதவோரம் உட்கார்ந்திருந்த போன் எடுக்கும் பெண்ணைப் பார்த்து, "உன்கிட்ட என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"மெருகு போடுற கையெல்லாம் கறுப்பா இருக்குதுங்க்கா, போனைத் தொட முடியல. துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கறாங்க. ராத்திரி பையன் உக்காந்து ஏத்தறான். சீட்டு தொலைஞ்சா எடை போச்சு."

அந்தப் பெண்ணுக்கு இது மாதக்கணக்காகத் தெரியும். முன்னால் ஒருமுறை சொன்னபோது, அது டெக்னிக்கல் விஷயம், நீ போனை மட்டும் எடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டுவிட்டார். இழை அறுந்தது தெரிந்த ஆளுக்குத் தறியை நிறுத்தும் உரிமை இல்லை!

சரி, அப்புறம் என்ன ஆனது? வாயால் எடையைச் சொன்னால் பதிவாகிற மாதிரி செய்தார்கள். ஆபீசில் பிரமாதமாக வேலை செய்தது. பட்டறையில் மெஷின் சத்தத்தில் நாற்பது நானூறாகப் பதிவானது. தலைவி எல்லாரையும் உட்கார வைத்து, யார் எழுதினது என்ற பேச்சையே எடுக்காமல், இது பட்டறைக்குப் போகும்வரை நம் கண்ணில் ஏன் படவில்லை என்று மட்டும் கேட்டார். ஏசி ரூமை விட்டு யாரும் வெளியே போய்ச் சோதிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அன்றிலிருந்து புதிதாக எது செய்தாலும் முதலில் ஒரே ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்க்கிறார்கள், அந்தப் போன் பெண்ணும் கூடப் போகிறார். கடைசியில் மின்னணுத் தராசையே ப்ளூடூத்தில் போனோடு இணைத்தார்கள். வைத்ததும் எடை ஏறிவிடும், தொடவே வேண்டாம்.

ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் ஆஸ்பத்திரிக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நல்ல குழுக்களில் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பதுதான் காரணமாகத் தெரிந்தது. அதனால்தான் எந்தத் தவறுமே எழுதி வைக்காத குழுவைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், முதலில் பார்க்கிறவர் பயமில்லாமல் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்ப்பவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு ரிலீஸ், அதாவது ஆப்பை வெளியே விடுவது, நிற்க வேண்டும், முதலாளியே அவசரப்பட்டாலும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. யாரை வேலைக்கு எடுப்பது, கூட்டம் எப்படி நடத்துவது என்று நிறைய வைத்திருந்தேன், ஒன்றே ஒன்று மட்டும். முடிவெடுக்கிற கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்காதீர்கள். கைக்குழந்தைக்காரப் பெண்கள் கிளம்பியிருப்பார்கள், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வேலைக்கு வருகிறவர் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். காலையில் பதினோரு மணிக்கு வையுங்கள். நன்றி, வணக்கம்.