கவசத்தில் காணாமல் போன நாலு பக்கம்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதை நானே எழுதிச் சேர்த்தது)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஐயா அவர்களே, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த உரிமையாளர் அவர்களே, வட்டத்துத் தோழிகளே, மனைவியைக் கூட்டிப்போக வந்து வாசலிலேயே நிற்கும் கணவன்மார்களே (உள்ளே வாங்க, நாற்காலி இருக்கிறது), எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் போர்த்திவிட்டார்கள். நன்றி, வெயில் காலம் முடிந்ததும் போர்த்திக்கொள்கிறேன். மைக் செட் தம்பியை விட்டுவிட்டேன். அவருக்கும் வணக்கம், சத்தம் அவர் கையில்தான் இருக்கிறது.

நோட்டீஸில் மூன்று விஷயம் போட்டிருக்கிறார்கள்: இன்றைய காதல் நாவல், பெண் பார்வையில் திருப்பி எழுதிய இதிகாசக் கதைகள், காதால் கேட்கும் புத்தகங்கள். இருபது நிமிஷம். பார்ப்போம்.

நான் பேராசிரியை இல்லை. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று என் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வாள். நானும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதல் நாவல் படிக்கிறவளை இளக்காரமாகப் பார்ப்பது புதிதில்லை. என் அத்தை கதையைச் சொல்கிறேன். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கடையில் கொடுத்து காலிகோ போட்டு பைண்டு பண்ணி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அத்தையிடம் அப்படி ஒன்று இருந்தது. மாமனாருக்குக் கதை என்றாலே ஆகாது. அதனால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே கொட்டை எழுத்தில் 'கந்த சஷ்டி கவசம்' என்று எழுதி, சாமி அலமாரியில் ஊதுபத்தி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு எடுத்துப் படிப்பாள்.

ஒரு சஷ்டி அன்றைக்குக் கிழவர் குளித்து, விபூதி பூசி, அலமாரியில் கையை விட்டு அதை எடுத்துவிட்டார். அத்தை அடுக்களை நிலைப்படியில் நின்று பார்க்கிறாள். கையில் தோசைத் திருப்பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். கல்லில் தோசை தீய்கிறது. கிழவர் புத்தகத்தை மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தைக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளும் எடுத்தார். அதற்கு மறுநாளும். ஊரெல்லாம் "பெரியவருக்கு என்ன பக்தி" என்று பேச்சு. ஒன்பதாவது நாள் சாயங்காலம், மோர் கொண்டுபோன அத்தையிடம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: "ஏம்மா, கவசத்துல நடுவுல நாலு பக்கத்தைக் காணோமே?"

(கைதட்டல் அடங்க நேரமானது. என் இருபது நிமிஷத்தில் எட்டு நிமிஷம் இதிலேயே போயிற்று.)

அந்தக் காலத்து நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள் முதலில் உருவாக்கியது ஒரு நாடகம், அதையும் தன் கையால் எழுதவில்லை. எழுதப் பழகாத அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொடுத்தார். பிறகு 115 நாவல் வந்தது, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் அவரே ஏற்று நடத்தினார். சட்டியில் இருந்தது, வந்தது.

இப்போது போனில் வரும் காதல் தொடர்களையும் விடாமல் படிக்கிறேன். இதில் எனக்கு ஒரு சண்டை உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் நாயகன் அறைகிறான், முப்பதாம் அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கிறான், கீழே "ஹீரோ செம" என்று நூறு பேர். மணிக்கட்டை நெரித்தால் காதல் என்று யார் சொன்னது? என் கவுண்டருக்கு முன்னால் அப்படி ஒருவன் நின்றிருந்தால் போலீஸுக்குப் போன் போட்டிருப்பேன். இன்னொன்று. நாயகி காலை ஒன்பதிலிருந்து ராத்திரி வரை ஆபீஸ், கார், மழை என்று சுற்றுகிறாள். நாற்பது அத்தியாயத்தில் ஒரு தடவைகூட கழிப்பறை தேடவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்பி வருவேன்.

அடுத்து, திருப்பி எழுதிய கதைகள். 2008இல் வந்த சித்ரா பானர்ஜி திவாகருணியின் ஆங்கில நாவலில் திரௌபதியே கதை சொல்கிறாள், கர்ணன் மேல் மனசு வைத்திருக்கிறாள். இதிகாசம் என்று திறந்தேன், உள்ளே காதல் நாவல். அத்தையின் கவசத்துக்கு நேர் எதிர்! "ஐயோ, வியாசர் சொல்லாததை எழுதிவிட்டாள்" என்று சிலர் குதித்தார்கள். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் பழம்பொருந்து சருக்கம் என்று ஒன்று இருக்கிறதே, படித்தார்களா? முனிவருக்குரிய நெல்லிக்கனியை அருச்சுனன் அடித்துவிடுகிறான். அது மறுபடி கிளையில் ஒட்ட, ஆளாளுக்கு மனசில் உள்ளதைச் சொல்லவேண்டும். ஐந்து கணவர்களையும் வைத்துக்கொண்டே திரௌபதி சொல்கிறாள், "இன்னம் வேறு ஒருவன்" மேல் நெஞ்சு உருகுகிறது என்று. பெயர் சொல்லவில்லை. பழம் ஒட்டிக்கொண்டது. சட்டியில் ஏற்கெனவே இருந்ததுதான் ஐயா.

புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' சிறுகதை எழுதினார். சீதை தீக்குளித்ததைக் கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வரும் பல புத்தகங்களில் நாயகிகள் பட்டிமன்ற இரண்டாம் சுற்றுபோலப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. எழுத்தாளர் அம்பையின் 'அடவி' கதை வேறு மாதிரி. இராவணன் சீதைக்கு வீணை கற்றுத்தர வருகிறான். மடியில் வைக்கப் போகிறவனைத் தரையில் வைக்கச் சொல்லி, அவளே கையில் எடுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு அசைவு போதும்.

தெலுங்கில் வோல்காவின் 'விமுக்தா', 2015இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது, தமிழிலும் வந்திருக்கிறது. அதில் சூர்ப்பனகை அழுதுகொண்டு இல்லை. தோட்டம் போட்டு வாழ்கிறாள். சீதை அவளை அங்கேதான் சந்திக்கிறாள். எனக்கு உறைத்தது அந்தத் தோட்டம்தான். மூக்கறுபட்டவளுக்கு உட்கார ஒரு இடம் இருக்கிறது. நமக்கு எங்கே இருக்கிறது?

தலைவர் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. 1948 நூலகச் சட்டத்தின் கீழ் நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. கட்டுகிறோம். நம் ஊர்க் கிளை நூலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் எந்தப் பெண்ணும் அங்கே உட்கார்வதில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அறுபது வயதான எனக்கு அரை மணி. வில்லிபாரதம் மேல்தட்டில் இருக்கிறது, நின்றபடியே நான்கு செய்யுள் படித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். பின்பக்கம் பன்னிரண்டடிக்கு எட்டடி காலியிடம் இருக்கிறது, அளந்து வைத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் சுவர் ஓரமாகவே போகிறது. பெண்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள். சட்டியில்... நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். காதால் கேட்கும் புத்தகம் பற்றி அடுத்த வருஷம் பேசுகிறேன். நூலகத்துக்குக் கழிப்பறை கேட்கும் மனு, டீ வைத்திருக்கும் மேஜையில் இருக்கிறது, மேலே சொம்பு வைத்திருக்கிறேன் பறக்காமல். பேனா எழுதாவிட்டால் என்னிடம் இன்னொன்று உண்டு. தலைவர் அம்மா, முதல் கையெழுத்துக்கு உங்களுக்காக ஒரு வரி விட்டு வைத்திருக்கிறோம்.