கேட்கிற நாற்காலி, பதில் சொல்கிற நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

நைரோபியில் வேலை பார்த்த காலத்தில், அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன டீக்கடைக்குத் தினமும் போவேன். பாலையும் தேயிலையையும் ஒன்றாகக் கொதிக்கவிட்ட சாய், கூடவே எண்ணெயில் பொரித்த மந்தாசி. சுவரில் ஒரு டி.வி. பெரும்பாலும் கால்பந்துதான் ஓடும். ஆனால் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு விசாரணை நேரலையில் வந்து, அதில் ஏதாவது ஒரு கவர்னர் மாட்டிக்கொண்டார் என்றால், அப்புறம் சேனலை மாற்ற யாரும் விடமாட்டார்கள்.

அந்தக் காட்சி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேசைக்கு ஒரு பக்கம் செனட்டர்கள். எதிரே கவர்னர். அவருக்குப் பின்னால் நிதி அதிகாரிகள், மடியில் கனமான கோப்புகளோடு. செனட்டர் தணிக்கை அறிக்கையைப் புரட்டி, 'இந்தச் செலவுக்கு வவுச்சர் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறதே?' என்பார். கவர்னர் திரும்பிப் பார்ப்பார். பின்வரிசையில் ஒருவர் அவசர அவசரமாகக் கோப்பைப் பிரிப்பார். காகிதம் கைமாறி முன்னால் வரும். உடனே அடுத்த கேள்வி விழும்: 'தணிக்கைக்காரர்கள் உங்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்டபோது இது எங்கே போயிருந்தது?' கடையில் சிரிப்பு எழும்.

கென்யாவில் ஒரு செனட்டர் பேசுவதால் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

2010-இல் வந்த புதிய அரசியல் சட்டம் அந்த நாட்டை 47 கவுண்டிகளாகப் பிரித்தது. ஆஸ்பத்திரி, வேளாண்மை, உள்ளூர்ச் சாலை எல்லாம் கவுண்டி அரசின் பொறுப்பு. அதன் தலைவர்தான் கவர்னர். நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், கையில் நிஜமான பணமும் அதிகாரமும் உள்ளவர். இந்த ஏற்பாட்டுக்கு சுவாஹிலியில் 'உகாதுசி' என்று பெயர். இதைக் காக்கத்தான் செனட். கவுண்டிக்கு ஒருவராக 47 பேர் தேர்தலில் வருகிறார்கள். பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் சார்பில் கட்சிகள் நியமிக்கும் 20 பேரும் உண்டு.

இதற்கு முன்பும் ஒரு செனட் இருந்தது. 1963-இல் விடுதலையோடு வந்தது, 1966-இல் கீழவையோடு கலந்து காணாமல் போனது. அந்த நினைவு இன்றைய செனட்டர்களுக்கு உள்ளூர உறுத்திக்கொண்டே இருக்கிறது என்பது என் எண்ணம். 2013-இல் புதிய செனட் கூடிய சில மாதங்களிலேயே, வருவாய்ப் பங்கீட்டு மசோதாவில் தங்களைக் கீழவை ஓரங்கட்டிவிட்டது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். செனட்டுக்கு அதில் பங்கு உண்டு என்று அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

கீழவை எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. வகுப்பறை கட்டலாம், பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். செனட்டருக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. வரி மசோதாவில் அவருக்குக் கை இல்லை. ஊரில் ஒரு இறுதிச் சடங்குக்குப் போனால் (கென்ய அரசியலில் பாதி அங்கேதான் நடக்கிறது) 'எங்களுக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?' என்று கேட்பார்கள். 'சபையில் பேசினேன்' என்பதைத் தவிர அவரிடம் அதிகம் இருக்காது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு எடை என்பது 2020-இல் தெரிந்தது. தேசிய வருவாயில் கவுண்டிகளுக்கு வரும் தொகையை எந்தக் கணக்கில் பிரிப்பது என்று முடிவு செய்யும் வேலை செனட்டுடையது. முதல் கணக்கில் மக்கள்தொகைக்கு 45 சதவீதம், சமமாகப் பிரிக்க 25, வறுமைக்கு 20, நிலப்பரப்புக்கு 8, நிதி ஒழுங்குக்கு 2. மூன்றாவது கணக்கை வகுக்க வந்தபோது சண்டை மூண்டது. ஆள் அதிகம் உள்ள கவுண்டிகளுக்குக் கூடும். வடக்கின் வறண்ட நிலத்திலும் கடற்கரையிலும் உள்ள பல கவுண்டிகளுக்குக் குறையும். 'ஆளுக்கு ஒரு ஷில்லிங்' என்றது ஒரு தரப்பு. எந்தக் கவுண்டியும் ஏற்கெனவே வாங்கியதைவிடக் குறைவாக வாங்கக் கூடாது என்றது மறு தரப்பு. மர்சபித் போன்ற ஒரு கவுண்டியை நினைத்துப் பாருங்கள். ஆள் குறைவுதான், ஆனால் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்! தலையை மட்டும் எண்ணினால் அந்த டீசல் கணக்கில் வராது.

இங்கே ஓட்டு முறையையும் சொல்ல வேண்டும். கவுண்டி விவகாரங்களில் ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, கவுண்டிக்கு ஒன்று. 2019 கணக்கெடுப்பில் நைரோபியில் 44 லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். லாமுவில் ஒன்றரை லட்சம்கூட இல்லை. ஆனால் ஓட்டெடுப்பில் இரண்டும் ஒன்று. 24 கவுண்டிகள் சேர்ந்தால்தான் எதுவும் நிறைவேறும். நியமன உறுப்பினர்களோ, கவுண்டியின் சார்பில் ஓட்டுப்போடும் பொறுப்பு தரப்பட்டால் ஒழிய, எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

கூடினார்கள், பேசினார்கள், முடிவெடுக்காமல் கலைந்தார்கள். வாரக்கணக்கில் இதே கதை. ஆகஸ்ட் 17 அன்று மூன்று செனட்டர்களைப் போலீஸ் பிடித்தது. அதில் ஒருவர் வடக்கே சம்புருவைச் சேர்ந்தவர். மிரட்டிப் பணியவைக்கப் பார்க்கிறார்கள் என்று சபை கொதித்தது. வழி தேட 12 பேர் குழு அமைத்தார்கள். கவுண்டிகளில் பணம் தீர்ந்து, கதவைச் சாத்தப்போகிறோம் என்று கவர்னர்கள் அறிவிக்கும் அளவுக்குப் போனது. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, முடிச்சு அவிழ்ந்தது. மொத்தத் தொகையை 31,650 கோடி ஷில்லிங்கிலிருந்து அடுத்த நிதியாண்டில் 37,000 கோடியாக உயர்த்துவது, அதற்குப் பிறகே புதிய கணக்கு, யாருக்கும் இழப்பில்லை. பேசிப் பேசியே வாங்கிய 5,350 கோடி அது. அந்த நாட்களில் சம்பளம் வராமல் தவித்த நர்ஸ்களுக்கு இது ஆறுதலாக இருந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

'இழப்பு கூடாது' என்று நின்ற அணியில் முன்னால் இருந்தவர்களில் ஒருவர் முடூலா கிலோன்சோ ஜூனியர். வழக்கறிஞர். மகுவேனி கவுண்டியின் முதல் செனட்டர் அவருடைய அப்பா. 2013 மார்ச்சில் வென்று ஏப்ரலிலேயே காலமானார். இடைத்தேர்தலில் முதலில் நிற்க வந்தவர் மகள். வாக்காளர் பட்டியல் சிக்கலில் அவர் மனு தள்ளுபடியாக, மகன் வந்து ஜெயித்தார். 2017-இல் மறுபடியும் வந்தார். சட்டப்பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். கவுண்டிப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் பெயர் வாங்கியவர்.

2022 ஆகஸ்ட்டில் அவரே மகுவேனியின் கவர்னரானார். அதே தேர்தலில் சியாயா செனட்டர் ஜேம்ஸ் ஒரெங்கோவும் நைரோபி செனட்டர் ஜான்சன் சக்காஜாவும் தங்கள் தங்கள் கவுண்டிக்குக் கவர்னரானார்கள். கேள்வி கேட்ட பக்கத்திலிருந்து எழுந்துபோய், கோப்பு அடுக்கிய பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்த் திசையிலும் நடந்தது: கிலிஃபியில் பத்தாண்டு கவர்னராக இருந்த அமசன் கிங்கி செனட்டின் சபாநாயகரானார். மண்டேராவின் கவர்னர் அலி ரோபா அதே கவுண்டியின் செனட்டரானார்.

கவர்னர் நாற்காலிமேல் கண் வைத்துத்தான் செனட்டர்கள் இப்படிக் குடைகிறார்கள் என்று கென்யாவில் பரவலாகச் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. வவுச்சர் எங்கே என்று கேட்பவருக்கு உள்நோக்கம் இருந்தால் என்ன, வவுச்சர் வெளியே வருகிறதல்லவா? எனக்கு உறுத்துவது இன்னொன்று. குழு அறிக்கை எழுதி, பரிந்துரை செய்து, அது சபையில் ஏற்கப்பட்ட பிறகும், அடுத்த ஆண்டு தணிக்கையில் அதே கவுண்டியில் அதே குறை திரும்ப வருவதைப் பார்க்கலாம். கவர்னரையே நீக்கும் அதிகாரம் செனட்டுக்கு இருக்கிறது. 2020-இல் கியாம்பு, நைரோபி கவர்னர்களையும் 2024-இல் மேரு கவர்னரையும் நீக்கியது. அது கோடரி. அன்றாடம் வேண்டிய சின்னக் கத்தி அவர்களிடம் இல்லை.

2027 ஆகஸ்ட்டில் அங்கே அடுத்த பொதுத் தேர்தல் வரவேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை முடித்த கவர்னர்கள் அந்தப் பதவிக்கு மறுபடி நிற்க முடியாது. அவர்களில் சிலர் செனட்டுக்கு வரப் பார்ப்பார்கள். தங்களுக்குப் பின்னால் வந்தவரிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

வணக்கம்.