பிள்ளைகள் வாதாட வேண்டிய புத்தகங்கள்

வணக்கம். பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வைக்கணும், என்ன புத்தகம் கொடுக்கலாம்? இதைக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் நிறையப் பேர். பெரும்பாலும் "நல்ல கருத்துள்ள புத்தகமா இருந்தா சொல்லுங்க" என்றுதான் கேட்பார்கள். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். கருத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிட்ட புத்தகத்தில் பேச என்ன இருக்கிறது? பிள்ளைகள் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டு பேர் படித்துவிட்டு இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு, ஒரே கேள்வியைத் தொடுகிற ஒரு கதையையும் ஒரு உண்மை நூலையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு தானாகச் சூடு பிடிக்கும்.

(திரையில்: டோட்டோ-சான், ஆயிஷா அட்டைப்படங்கள்)

முதல் ஜோடி பள்ளிக்கூடம் பற்றியது. டெட்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' 1981-ல் ஜப்பானில் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. நாவல் மாதிரி ஓடும், ஆனால் அத்தனையும் எழுதியவர் தன் சின்ன வயதில் பார்த்தது, டோட்டோ அவரேதான். டோட்டோ மேஜை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், பாடம் நடக்கும்போது ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று முதல் வகுப்பிலேயே அவளைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்து அவள் சேர்கிற டோமோயி பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. தலைமை ஆசிரியர் கோபயாஷி, வந்த முதல் நாளே அவள் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. டோட்டோவின் பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும். அவள் ஒரு அகப்பையை எடுத்து வந்து குழியில் இருப்பதையெல்லாம் வெளியே அள்ளிக் கொட்டிக்கொண்டு இருப்பாள். அந்த வழியாக வரும் தலைமை ஆசிரியர் திட்டுவதில்லை, உதவிக்கும் வருவதில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். இங்கே படிப்பதை நிறுத்துங்கள். "அவர் செய்தது சரியா?" என்று கேளுங்கள், பத்து வயதுப் பிள்ளைகூடச் சும்மா இருக்காது. இன்னொன்று, பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டதை டோட்டோவின் அம்மா மகளுக்கு இருபது வயது தாண்டும்வரை சொல்லவே இல்லை. மறைத்தது நல்லதா? பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இதற்கு ஜோடி இரா. நடராசனின் 'ஆயிஷா'. சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆனால் பதினான்கு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற ஒரு மாணவி, அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகச் செய்யும் ஒரு மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகிறாள். அவளுடைய அறிவியல் ஆசிரியை எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை போலக் கதை அமைந்திருப்பதால், "ஆயிஷா நிஜமா?" என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கற்பனை என்று சொல்லுங்கள். அப்புறம், அந்த ஆசிரியைமேல் கோபம் வருகிறதா, இரக்கம் வருகிறதா என்று கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அது தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

(திரையில்: கழுத்தில் மஞ்சள் தீற்றலோடு ஒரு குருவி)

பறவைப் பிரியம் உள்ள பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கொடுங்கள், பறவை முட்டைகளைத் தேடிக் கரிசல் காடெல்லாம் அலைகிற பையன்களின் கதை. கூடவே சாலிம் அலியின் தன்வரலாறு. சின்ன வயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவி என்ன பறவை என்று கேட்கப்போய்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவருக்குப் பழக்கமானது. கூட்டைக் காவல் காக்க வந்த ஆண் குருவிகளை ஒரே வாரத்தில் எட்டு சுட்டதையும் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பறவைகளைக் கொன்ற பையன் எப்படிப் பறவைகளுக்காகவே வாழ்ந்த மனிதரானார்? பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

பதினாறு வயதுக்கு மேல் என்றால் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு', 1992-ல் வந்தது. தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் சரடை மட்டும் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள், சாதிதான் காரணம் என்று அண்ணன் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. கூடவே பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல். கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் இருக்கும் கூளையனும் அந்த வீட்டுப் பையன் செல்வனும் சேர்ந்தே ஆடு மேய்க்கிறார்கள், விளையாடுகிறார்கள். செல்வன் கூளையனுக்கு நண்பனா, இல்லையா? இதைக் கேட்டால் போதும். ஆனால் ஒன்று, தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் "உனக்கு இப்படி நடந்திருக்கா?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். நடந்திருந்தால் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின் விருப்பம். பேச்சு புத்தகத்திலேயே நிற்கட்டும், கூளையனைப் பற்றி மனம்விட்டுப் பேசவே நிறைய இருக்கிறது.

ஆளுக்கொரு பிரதி வாங்க முடியவில்லையா, பரவாயில்லை. ஒரே பிரதியைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள், டோட்டோ-சானின் அத்தியாயங்கள் எல்லாம் சின்னச் சின்னதுதான். முதலில் பேச வேண்டியது பிள்ளைகள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்ட பிறகு சொல்லுங்கள்.