ஸ்வாப் எவ்வளவு, ரூட்டுக்குக் கடவுச்சொல் எதற்கு? – நேயர் கேள்விக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் எழுதியிருக்கிறார்: "என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். டெபியன் நிறுவப் போகிறேன். ஸ்வாப் 16 ஜிபி கொடுக்க வேண்டுமா? ரூட்டுக்குத் தனியாகக் கடவுச்சொல் கேட்கிறது, என் கடவுச்சொல்லையே அதற்கும் கொடுக்கலாமா? லாகின் கேட்காமல் நேராக உள்ளே போகும்படி வைக்கலாமா?"

புதியவர்களுக்கு: டெபியன் லினக்ஸ் வகைகளில் ஒன்று. ஸ்வாப் என்பது ராம் போதாதபோது தரவை வைக்க வட்டில் ஒதுக்கும் இடம். ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு. கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நண்பரின் கவலை முழுவதும் ஸ்வாப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான். பார்ட்டிஷன், அதாவது வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது பற்றிப் பேசிய வீடியோவின் கீழேயும் பாதிக் கேள்விகள் ஸ்வாப்பைப் பற்றித்தான் வந்தன. நான் அப்போது சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: ஸ்வாப்பை நாளைக்கும் மாற்றலாம். நிறுவும் திரையில் எந்த முடிவு பின்னால் வந்து உங்கள் காலைச் சுற்றும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்வாப் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

முதலில், ராமைப்போல் இரு மடங்கு ஸ்வாப் வேண்டும் என்ற கணக்கு. கணினியில் சில எம்பி ராம் மட்டும் இருந்த காலத்து வழக்கம் அது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2001இல் வந்த 2.4இன் தொடக்கப் பதிப்புகளில் அதற்கு உண்மையான காரணமும் இருந்தது. ஸ்வாப்பிலிருந்து ராமுக்குத் திரும்பிய தரவுத் துண்டு, ஸ்வாப்பில் பிடித்திருந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. அதனால் ராமைவிடச் சற்றே பெரிய ஸ்வாப் வைத்தவர்களுக்குப் பெரிய லாபம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கெர்னல் போய்விட்டது, கணக்கு மட்டும் வாய்வழியாகத் தொடர்கிறது. 8 ஜிபி ராம் உள்ளவர் ஹைபர்னேட் செய்ய மாட்டார் என்றால் 2 முதல் 4 ஜிபி போதும். ஹைபர்னேட் வேண்டும் என்றால் ராம் அளவுக்கு, அதாவது 8 ஜிபி கொடுங்கள். ராமில் இருப்பதை வட்டில் எழுதிவைத்துவிட்டுத்தானே கணினி அணைகிறது? ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் டெபியனின் கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. அதைப் பார்க்காமல் இடத்தை ஒதுக்கிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

"ஸ்வாப்பே வேண்டாம், வைத்தால்தான் கணினி திணறுகிறது" என்று ஒரு கட்சி உண்டு. இதை நான் ஏற்பதில்லை. ராம் நிரம்பும்போது கெர்னல் எதையாவது வெளியேற்றியாக வேண்டும். ஸ்வாப் இருந்தால், காலையில் திறந்து மறந்துபோன ஏதோ ஒரு நிரலின் தரவை வட்டுக்கு அனுப்பும். இல்லாவிட்டால் அந்தத் தரவைத் தொட வழியில்லை. அதனால் வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடியவற்றை வெளியே தள்ளும். அதில், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறையும் அடங்கும்! தள்ளியதை அடுத்த நொடியே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். திணறல் அப்போதும் வரும். அதன் பிறகு, ராம் தீர்ந்தால் வரும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து ஏதாவது ஒரு நிரலைக் கொல்லும். பெரும்பாலும் உங்கள் பிரவுசரை.

கெர்னலின் ஸ்வாப்பினஸ் என்ற அமைப்பில் 60 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ராம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலே சொன்ன இரு வகைகளில், அதாவது நிரலின் தரவு, வட்டிலிருந்து மறுபடி படிக்கக்கூடியவை ஆகியவற்றில் எதை வெளியேற்றுவதில் கெர்னலுக்கு அதிக நாட்டம் இருக்க வேண்டும் என்பதற்கான எண் அது.

அளவு போதவில்லை என்றால் என்ன செய்வது? ஒரு கோப்பை உருவாக்கி, அதன் அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் என்று இரண்டு கட்டளைகள் கொடுத்து, தொடங்கும்போது எவற்றை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ரீஸ்டார்ட்கூட வேண்டாம். உபுண்டு 17.04இலிருந்து ஸ்வாப்புக்குப் பார்ட்டிஷனை விட்டுவிட்டுக் கோப்பையே வைக்கிறது. ஃபெடோரா 33இலிருந்து வட்டையே தொடாமல், ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கிவைக்கும் இசட்ராமுக்குப் போய்விட்டது. ஆகவே சொல்கிறேன், ஸ்வாப்பை நாளைக்கும் மாற்றலாம்.

இப்போது ரூட். டெபியனில் அந்தப் பெட்டியைக் காலியாக விடுங்கள். விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைத் தன் கடவுச்சொல்லாலேயே செய்யும் அனுமதி கிடைக்கும். நிரப்பினால் ரூட் திறந்திருக்கும், உங்கள் கணக்குக்கு சூடோ கிடைக்காது. பிறகு டெர்மினலில் சூடோ என்று அடித்ததும், நீங்கள் சூடோவர்ஸ் கோப்பில் இல்லை என்று மறுப்பு வரும். சூடோவின் பழைய பதிப்புகளில் "இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்" என்று ஒரு மிரட்டலும் சேர்ந்து வந்தது. யாருக்குத் தெரிவிக்கப்படும் என்று பயந்து கேட்டவர்கள் பலர். அதே கணினியின் ரூட்டுக்குத்தான். அதாவது உங்களைப் பற்றி உங்களிடமே புகார்.

நண்பர் கேட்காத ஒன்று இருக்கிறது. அவர் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம்: "நாளைக்கு மறுபடி நிறுவினால் என் கோப்புகள் என்னுடையவையாகவே இருக்குமா?" லினக்ஸுக்கு உங்கள் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். வங்கியில் கணக்கு எண்ணைப் பார்ப்பதுபோல. ரூட்டுக்கு 0. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. கோப்பின் உரிமையாளர் என்று வட்டில் பதிவாவதும் இந்த எண்தான். திரையில் தெரியும் பெயர், பயனர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பைப் பார்த்து அப்போதைக்கு எடுத்துக் காட்டுவது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே கணினியைப் பயன்படுத்துகிறார்கள். அண்ணன் 1000, தங்கை 1001. நல்லவேளையாக, பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தது. புதிய பதிப்பை நிறுவியபோது தங்கை முதலில் உட்கார்ந்தாள், தன் பெயரில் கணக்கைத் தொடங்கினாள். பழைய பெயர்தான், பழைய கடவுச்சொல்தான். ஆனால் தன்னுடைய பழைய கட்டுரை எதிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றிச் சேமிக்க முடியவில்லை. அண்ணனின் ஃபோல்டரோ அவளுக்குத் தாராளமாகத் திறந்தது. வைரஸ் என்று முடிவுகட்டி, வட்டையே அழித்துவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிற்று. நடந்தது எண் மாறியது மட்டுமே. சூடோவுடன், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை இரண்டு ஃபோல்டர்களுக்கும் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அதனால்தான் ஹோமைத் தனியாக வையுங்கள் என்று ஒவ்வொரு வீடியோவிலும் நச்சரிக்கிறேன். தனியாக வைத்தவர்கள், மறுபடி நிறுவும் முன் ஒவ்வொரு கணக்கிலும் ஐடி என்ற கட்டளையை அடித்து, வரும் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வரிசையில் கணக்குகளை உருவாக்குங்கள். நிறுவிய பிறகு இன்னொரு குழுவில் உங்களைச் சேர்க்க யூசர்மாட் கட்டளைக்குப் போகிறவர்கள், பெரிய ஜி (-G) மட்டும் கொடுத்து சின்ன ஏ-வை (-a) விட்டுவிடாதீர்கள். விட்டால், சூடோ உட்பட மற்றக் குழுக்களிலிருந்து உங்கள் பெயர் நீங்கிவிடும். ரூட்டும் பூட்டியிருந்தால் நிர்வாகி உரிமையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

தானாக லாகின் ஆவது கடைசிக் கேள்வி. வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்புக்கு வேண்டாம். வீட்டிலேயே இருக்கும் கணினி என்றால் உங்கள் விருப்பம். ஆனால் க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்தினால், சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் கீரிங்கைத் திறப்பது நீங்கள் லாகினில் அடிக்கும் கடவுச்சொல்தான். அதை அடிக்காமல் உள்ளே போனால், சில நிரல்களைத் திறந்ததும் கீரிங்குக்குக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும்.