முதலில் கான், அப்புறம் வீடு

வணக்கம் மக்களே. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலை மலையில் நின்று பேசுகிறேன். காற்று இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கேமராவைக் கீழே திருப்புகிறேன். செம்மண் தெரிகிறதே, அந்தச் சரிவில்தான் எங்கள் 20 குடும்பங்களுக்கு வீடு வரப்போகிறது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி காணி, அதில் 550 சதுர அடி வீடு.

என் அம்மா பிறந்ததும் நான் பிறந்ததும் லயத்துக் காம்பராவில்தான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஓர் அறை. ஒரே அறையில் சமைத்து, படித்து, படுத்து எழுந்த எங்களுக்குத் தனி வீடு என்றால் என்ன என்பதை மலையகத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் நான் சொல்லப்போவதை வீட்டுத் திட்டத்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு வேண்டும். நின்று நிலைக்கிற வீடாக வேண்டும். அதற்கு முதலில் கான் வேண்டும், மழைத் தண்ணீர் இறங்கிப் போகிற வாய்க்கால்.

எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் நடுவில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கட்டங்கள். அவ்வளவுதான். தண்ணீர் போக வழி இல்லை, இருக்கிற மரங்கள் இல்லை, பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு நிலம் இல்லை. சமதரையில் போட வேண்டிய படத்தை மலையில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

அந்தப் படத்தின்படி கட்டினால் முதலில் பெக்கோ, மண் வெட்டும் இயந்திரம், வரும். மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளித் தரையைச் சமப்படுத்தும். மேலே இருக்கிற மண்ணைத் தாங்கி நிற்பது அடிவாரம்தான், அதைத்தான் வெட்டி எடுக்கிறோம். கீழே தள்ளிய மண்ணோ இறுகாத மண். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கினால் மண் கனக்கும், பிடிப்பும் விட்டுப்போகும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் எத்தனை சரிவுகள் இறங்கின என்று உங்களுக்கே தெரியும்.

கூரையை மட்டும் ஒரு கணக்குப் பார்ப்போம். 550 சதுர அடி என்றால் சுமார் 51 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 51 லிட்டர் தண்ணீர். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு கூரையிலிருந்து மட்டும் 7,500 லிட்டருக்கு மேல். 20 வீட்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். இத்தனை தண்ணீரும் எங்கே போகப் போகிறது? வரைபடத்தில் பதில் இல்லை.

பதில் என் காலடியில் இருக்கிறது. இதோ பாருங்கள், கான். என் தாத்தா இந்த மலையில் கான் வெட்டினவர். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில் போகும். இடையிடையே சின்னத் தடுப்பு விட்டிருப்பார்கள், வருகிற மண் அங்கே தங்கிவிடும். தண்ணீர் வேகம் குறைந்து பெரிய கானில் சேர்ந்து இறங்கும். தேயிலைக்காக இவ்வளவு கவனமாக வழி வெட்டின ஆட்கள் நாங்கள். எங்கள் வீட்டுக்கு வெட்டாமல் விடலாமா?

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் வில்லேஜ் ஹோம்ஸ் என்று ஒரு குடியிருப்பு. மைக்கேல் கோர்பெட், ஜூடி கோர்பெட் தம்பதியர் 1970களில் உருவாக்கியது. பாதைகள் குறுகலானவை. மழைத் தண்ணீரைக் குழாயில் அடைக்காமல், வீடுகளுக்கு இடையே புல் வளர்ந்த பள்ள வாய்க்கால்களில் விட்டார்கள். அந்த வாய்க்கால் ஓரம்தான் எல்லோருக்கும் பொதுவான பழ மரங்களும் தோட்டமும். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. அது சமவெளி, மழை குறைவு, தண்ணீர் மண்ணில் ஊறினால் நல்லது. இங்கே வீட்டுக்கு மேலே சரிவில் தண்ணீரை ஊறவிட்டால் ஆபத்து. நாம் எடுக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் வழியும் பொது நிலமும் ஒரே இடமாக இருக்கலாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், கண்டியிலேயே வட்டபுளுவ வீட்டுத் திட்டம் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் மினெட் டி சில்வா வடிவமைத்தது. கண்டியில் பிறந்த பெண் கட்டடக் கலைஞர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்ணும் அவர்தான். வட்டபுளுவ திட்டத்தில் 200க்கும் மேற்பட்ட வீடுகள். குடிவரப் போகிற குடும்பங்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டு, அதற்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்தார். மலையின் போக்கை அனுசரித்து, நின்ற மரங்களை முடிந்தவரை காப்பாற்றி வீடுகளை அமர்த்தினார். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சரி, நாங்கள் என்ன கேட்கிறோம்? ஒவ்வொரு குடும்பமும் அரைப் பேர்ச்சஸ் விட்டுக்கொடுத்தால் 10 பேர்ச்சஸ் சேரும். சுமார் 2,700 சதுர அடி. அதைப் பெரிய கானின் இரண்டு கரையிலும் நீளமாக விட வேண்டும். கரை நெடுக வெட்டிவேர். அதன் வேர் நேராகக் கீழே போகும், 10 அடி ஆழம்கூடப் போகும். மண்ணைப் பிடித்துக்கொள்ள அதைவிட மலிவான ஆள் கிடையாது. கொஞ்சம் அகலமான இடத்தில் போஞ்சி, லீக்ஸ், கீரை போடலாம். ஆனால் வீட்டுக்கு நேர் மேலே கொத்திக் கிளறுகிற பாத்தி வேண்டாம்.

அப்புறம் ஒரு பொட்டல், எல்லோருக்கும் பொதுவான வெட்டவெளி. லயத்தில் கஷ்டம் நிறைய இருந்தது, அதை நான் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் லயத்துக்கு முன்னால் வாசல் இருந்தது, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை இருந்தது, காமன் கூத்து ஆடப் பொட்டல் இருந்தது. எங்கள் ஆச்சி பிள்ளைகளை எல்லாம் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்திருப்பார். வேலி போட்ட இருபது கட்டங்களுக்குள் போனால் அந்தப் பார்வை அறுந்துவிடும். மலைக்கு வேலைக்குப் போன அம்மா திரும்பி வரும்வரை பிள்ளை யார் கண்ணில் இருக்கும்?

அரைப் பேர்ச்சஸ் என்றதும் பக்கத்துக் காம்பரா மாமா, "பரம்பரையாகக் காணி இல்லாமல் இருந்தோம், கிடைத்ததிலும் கொடுக்கச் சொல்கிறாயே" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் காணி உறுதிப் பத்திரத்தில் அந்தப் பொது நிலம் 20 குடும்பத்தின் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறோம். யாரிடமோ போகக் கூடாது. மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் முன்னால் கூடுகிறோம், கான் எங்கே போகிறது என்று நான் கையால் வரைந்த படத்தைக் கொண்டுபோகிறேன்.

உங்கள் தோட்டத்தில் புதிய வீடுகள் வந்திருந்தால், பழைய கான்களை மூடினார்களா, விட்டுவைத்தார்களா என்று படம் எடுத்து அனுப்புங்கள். கூட்டத்தில் காட்டுவேன். இதோ, தூறல் விழுகிறது. நான் இங்கேயே நிற்கிறேன், இந்தக் கானில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.