ஊசி உடைந்தால் யாரைக் கேட்பது?

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலைகளின் பயிற்சிப் பொறுப்பாளர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஏஐ பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பனியன் கம்பெனிகளில் 22 வருஷம் ஓட்டியவன், அதில் பாதிக்கு மேல் பயிற்சிப் பொறுப்பில். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, ஓர் ஊசியிலிருந்து, ஆரம்பிக்கிறேன்.

ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும்? இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மெஷினை நிறுத்த வேண்டும். கையில் இருக்கும் பீஸையும் பக்கத்தில் இருக்கும் துணிக் கட்டையும் நகர்த்தக் கூடாது. உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, சேர்த்து வைத்தால் முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் காந்தம் வைத்துத் தேட வேண்டும், அந்தக் கட்டு முழுக்க மெட்டல் டிடெக்டர் வழியாகப் போக வேண்டும். நாம் தைப்பதில் பாதி குழந்தைச் சட்டை. அதனால் இதில் சமரசமே கிடையாது.

நாங்கள் பயிற்சிக்கு ஏஐ கொண்டுவந்த முதல் வாரம், அதனிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். மெஷினை அணையுங்கள், பழைய ஊசியைக் கழற்றுங்கள், புது ஊசியைச் சரியான பக்கம் பார்த்து மாட்டுங்கள், ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள் என்று அழகான தமிழில் பதில் சொன்னது. வீட்டில் தைப்பவருக்கு இது சரியான பதில். நம் லைனில் இதைச் செய்தால் ஒரு முழு ஆர்டர் திரும்பி வரும். அதைவிட என்னைப் பயமுறுத்தியது அதன் தோரணை. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி கேட்டிருந்தால் அப்படியே நம்பியிருப்பாள்.

கனடாவில் ஒரு வழக்கு நடந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், துக்க காரியத்துக்குப் போன ஒரு பயணியிடம் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அங்கே போனது டிக்கெட் பணம். நம் இடத்தில் ஊசித் துண்டு.

அதனால் ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு வேண்டும் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

நம் பயிற்சித் துறையில் உண்மையிலேயே என்ன குறை? பாடம் இல்லையா? வீடியோ இல்லையா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனி ஹெச்ஆர் அறையிலும் பீரோ நிறையப் பாடம் இருக்கிறது. ஆடிட் வருகிறது என்றால் முந்தைய நாள் சாயங்காலம் ரிஜிஸ்டர் லைனில் சுற்றும். தீயணைப்புப் பயிற்சி, ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் வரிசையாகக் கையெழுத்து. ஒரு கம்பெனியில் நானே அந்த ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது?

இந்த வேலையை ஏஐயிடம் கொடுத்தால் பிரமாதமாகச் செய்யும். நடக்காத பயிற்சிக்கு அறிக்கை, மதிப்பெண் பட்டியல், கேட்டால் போட்டோவும் கொடுக்கும். நாம் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறோமோ அதைத்தான் அது வேகமாகச் செய்து தரும். ரிஜிஸ்டர் நிரப்புகிறவனுக்கு இன்னும் அழகான ரிஜிஸ்டர் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்குத்தான் வேண்டும்? நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

எங்கள் லைன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஊசி மழுங்கியிருந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். துணிக்குள் இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருமாம். மழுங்கிய ஊசி நூலை விலக்கிப் போகாமல் அறுத்துக்கொண்டு போகும். தைக்கும்போது ஒன்றும் தெரியாது. துவைத்த பிறகுதான் ஓட்டை விழும். இது எந்தப் பாடத்திலும் இல்லை, அவர் காதில் இருக்கிறது. இன்னும் நாலைந்து வருஷத்தில் அவர் ஊருக்குப் போய்விடுவார். காதும் கூடவே போய்விடும்.

அவரைப் பேச வைத்துப் போனில் பதிவு செய்தோம். முதல் தடவை மெஷின் இரைச்சலில் ஒன்றும் தேறவில்லை. அப்புறம் டீ நேரத்தில், மாடிப்படியில் உட்கார வைத்து, பதினோரு நிமிஷம். அதை ஏஐ எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. பேட்லாக் என்ற தையல் மெஷினின் பெயரை அவர் சொன்ன இடத்தில் எல்லாம் 'பேட் லக்' என்று எழுதியிருந்தது. துரதிருஷ்ட மெஷின்! மாஸ்டர் படித்துவிட்டு, "அதும் ஒரு வகைல சரிதானுங்க" என்றார். கைமடி, அதாவது சட்டைக் கையின் ஓரத்தை மடித்துத் தைப்பது, என்ற சொல்லைப் பிரித்து இந்தியில் மொழிபெயர்த்தபோது, கையும் மடியுமாக உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரைப் பற்றிய வாக்கியம் வந்தது.

சிரித்துவிட்டு விடவில்லை. நம் லைனில் புழங்கும் நூற்றுச் சொச்சம் சொற்களைப் பட்டியல் போட்டோம். கைமடி, ஆல்டர் (தையல் பிழை), கட்டு, செக்கிங், எல்லாம். இந்தச் சொற்களை மாற்றாதே, மொழிபெயர்க்காதே என்று அதற்குச் சொல்லி வைத்தோம். இந்திப் பேச்சை பீகாரிலிருந்து வந்த இரண்டு பையன்களைக் கேட்க வைத்தோம். "சார், இது ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது" என்றார்கள். அவர்களே திருத்தினார்கள். ஒடியாவுக்கும் அதே மாதிரி ஒரு பெண்.

மொழிக் கருவிகளைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டமான காலம் இது. சென்னை ஐஐடியில் இருக்கும் ஏஐ4பாரத் குழு அரசியல் சாசனப் பட்டியலில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்க்கும் ஏஐ செய்து 2023இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டமும் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒடியாவில் ஒரு பயிற்சி ஒலிப்பதிவு வேண்டும் என்றால் நான் எங்கே போயிருப்பேன்?

எழுத்தாக வந்த பேச்சை வேலைப் படிகளாகப் பிரிக்கச் சொன்னோம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'இங்கே எதைக் கவனிக்க வேண்டும், ஏன்' என்று இரண்டு கட்டம். இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை, தொழிற்சாலைக்கு வந்த புது ஆட்களைப் பழக்க ஒரு திட்டம் நடத்தினார்கள். 16 லட்சம் பேருக்கு மேல் அதில் சான்றிதழ் வாங்கினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர் பிடித்தது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யச் சொல்லிப் பார், அப்புறம் போய்த் திரும்பப் பார். நாலே படி. கற்றுக்கொள்பவன் கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவன் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம் என்பது அவர்கள் அட்டையிலேயே அச்சடித்திருந்த வாசகம்.

அந்த நாலாவது படியை நாம் எப்போதாவது செய்திருக்கிறோமா? திரும்பப் போய்ப் பார்ப்பது? எனக்கு 300 பேர், நான் ஒரு ஆள். நேரமே இருக்காது. பேர் எழுதுவது, ஷிஃப்ட் பார்த்து ஆள் கூப்பிடுவது, எக்ஸெல் நிரப்புவது, இதிலேயே பொழுது போய்விடும். இந்தக் குமாஸ்தா வேலையைத்தான் முதலில் ஏஐ தலையில் கட்டினோம். யாருக்கு எந்தப் பயிற்சி பாக்கி, எந்த ஷிஃப்டில் வருகிறார்கள், எந்த நாளில் லைன் காலி என்று அதுவே பார்த்து அட்டவணை போடுகிறது. நான் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். இந்த ஒன்றுக்காகவே அதற்குச் சம்பளம் கொடுக்கலாம்.

அடுத்தது மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு வைத்து, மனப்பாடம் செய்தது எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று 1885லேயே புத்தகம் போட்டுவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். நாம் இன்னும் ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது நாங்கள் செய்வது, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஒரு கேள்வி. குரலில், அவரவர் மொழியில். ஷிஃப்ட் தொடங்கும் முதல் ஐந்து நிமிஷத்தில், சம்பள நேரத்தில். ராத்திரி ஹாஸ்டலுக்கு வாட்ஸாப்பில் அனுப்பலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பத்து மணி நேரம் தைத்துவிட்டு வந்த பிள்ளையைத் தூங்கவிடுங்கள் ஐயா என்றேன்.

கவனியுங்கள், இங்கே ஏஐ கேள்வி கேட்கிறது. பதில் சொல்வது தொழிலாளி. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். சாதாரண சாட்பாட் வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தால், அதைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவு. பதிலைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி செய்த இன்னொரு சாட்பாட் கொடுத்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கணக்கில் 17 சதவீதம் போனால் மார்க். ஃபாக்டரியில் நெட் போன நாளில், ஊசி உடைந்தால்?

எதிர்ப்பக்க ஆய்வும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரை வைத்து அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 2023இல் வெளியிட்டது. ஏஐ உதவி கிடைத்தவர்களின் வேலை வேகம் சராசரியாக 14 சதவீதம் ஏறியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏன்? அந்த ஏஐ கற்றுக்கொண்டதே கெட்டிக்காரர்கள் பேசிய உரையாடல்களிலிருந்துதான். அவர்கள் வித்தை புதியவர்கள் கைக்கு மாறியது. ஏஐ கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போனபோதும் அவர்கள் கற்றதில் ஒரு பகுதி நின்றது என்றும் பார்த்திருக்கிறார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் இதைப் படித்ததும் எனக்கு மாடிப்படியில் உட்கார்ந்த மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்ததை பதினோரு நிமிஷத்தில் நம்மிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு என்ன கிடைத்தது? அன்றைக்கு ஒரு டீ. அவரே ஒரு நாள் கேட்டார்: "எல்லாத்தையும் போன்ல போட்டுட்டா, அப்புறம் நான் எதுக்குங்க?" என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நிர்வாகத்திடம் நாலு தடவை போய் நின்ற பிறகு, பதிவு செய்யும் நேரத்துக்குத் தனிக் கூலி, ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அவர் பெயர், பாடத்தில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அவர் சம்மதம் என்று மூன்றை வாங்கினோம். போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. செக்கிங் டேபிளில் எந்த ஆளுக்கு எந்த ஆல்டர் அடிக்கடி வருகிறது என்று நம்மிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. அதை ஏஐயிடம் கொடுத்தால், இந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை இணைப்பில்தான் தடுமாற்றம், அதற்கு மட்டும் இரண்டு நிமிஷப் பாடம் போதும் என்று சொல்லிவிடும். பயிற்சி பிடித்திருந்ததா, புரிந்ததா, மெஷினில் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா என்று 1959லேயே கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கர் நாலு கேள்வி எழுதி வைத்தார். நாம் முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டு ஃபீட்பேக் ஃபாரத்தைக் கட்டி வைத்துவிடுவோம். இப்போது நாலாவது வரை போக முடியும்.

ஆனால் அதே கணக்கை வைத்து யாரை நிறுத்தலாம் என்றும் பட்டியல் போடலாம். ஒரு தடவை அப்படி நடந்தால் போதும், அதற்கப்புறம் எந்தத் தொழிலாளியும் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். பயிற்சிக் கணக்கு சம்பளப் பிரிவுக்குப் போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பியுங்கள். ஐரோப்பிய யூனியனில் வேலையிடத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐயை 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். நம்மிடம் வாங்கும் பையர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள். யாராவது கேமரா வைத்துக் கவனம் அளக்கிறோம் என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். அந்த முதல் வார பதிலுக்குப் பிறகு, எங்கள் ஏஐயை எங்கள் சொந்த விதிமுறைத் தாள்களைத் தாண்டிப் பேசக் கூடாது என்று கட்டிப்போட்டோம். தாளில் இல்லாத கேள்வி வந்தாலும், பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும், ஒரே பதில்தான்: மெஷினை நிறுத்து, மாஸ்டரைக் கூப்பிடு.

இரண்டு மாசத்துக்கு முன்னால், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், சேர்ந்து மூன்று வாரம் இருக்கும், மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். ஊசி உடைந்திருக்கிறது. மூன்று துண்டில் இரண்டுதான் கையில். லைன் முனையில் வைத்திருக்கும் பயிற்சி போனில் கேட்டிருக்கிறாள். மாஸ்டரிடம் போனாள். அவருக்கு அன்றைக்கு டார்கெட் அவசரம். "ஏன் பாப்பா, அந்தப் போன்லயே கேக்கறதுதான?" என்றார்.

"போன்தான் மாஸ்டரைக் கூப்பிடுன்னு சொல்லுச்சு" என்றாள், அவள் தமிழில்.

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் குனிந்தார். துண்டு ஆயில் தட்டில் கிடந்தது.