ராஜா போன ஊருக்கு டூர் போகலாமா?

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டு பேச வெச்ச நிலையத்துக்காரங்களுக்கு நன்றி. நான் பெரிய பேச்சாளர் எல்லாம் இல்லீங்க, தாய்லாந்துக்கு க்ரூப் டூர் கூட்டிட்டுப் போறது என் பொழப்பு, அதனால பேச்சு கொஞ்சம் அங்க இங்க சுத்தி வரும், பொறுத்துக்கங்க.

2025 அக்டோபர் 24 ராத்திரி தாய்லாந்தோட சிரிகிட் ராஜமாதா காலமானாங்க, 93 வயசு. மறுநாள் காலையில இருந்து என் போன் ஓயல. "சார், டிக்கெட் போட்டாச்சு, போகலாமா வேணாமா?" "ஏர்போர்ட்டே மூடிருவாங்களாமே?" "கலர் டிரஸ் போட்டா அரெஸ்ட்டாமே?" யாரோ வாட்ஸ்அப்ல கிளப்பி விட்டுட்டாங்க, எல்லாரும் நம்பிட்டாங்க. எல்லாருக்கும் நான் சொன்ன பதில் ஒண்ணுதான், போகலாம், தாராளமா போகலாம், ஆனா நம்ம சத்தத்தை மட்டும் குறைச்சுக்கிட்டுப் போகணும். அழச் சொல்லி யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க. துக்க வீட்டு வாசல் வழியா போறோம்னு தெரிஞ்சா நம்ம எப்படி ஹாரன் அடிக்காம போவோமோ, அவ்வளவுதான் அவங்க எதிர்பார்க்கறது.

இதை நான் தைரியமா சொல்றதுக்குக் காரணம் 2016. அந்த வருஷம் அக்டோபர் 13, சிரிகிட் ராஜமாதாவோட கணவர் பூமிபோல் ராஜா பாங்காக் சிரிராஜ் ஆஸ்பத்திரில காலமானார். 88 வயசு. 1946 ஜூன்ல பட்டத்துக்கு வந்தவர், 70 வருஷம் ராஜாவா இருந்திருக்கார், அப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த ஊர்ல தாத்தா பாட்டிகளைத் தவிர வேற யாரும் இன்னொரு ராஜாவைப் பார்த்ததே கிடையாது. கடையில, டாக்ஸியில, வீட்டு ஹால்ல, எங்க பார்த்தாலும் அவர் படம். அப்பான்னுதான் அவரைச் சொல்வாங்க, அவர் பொறந்த நாளைத்தான் அங்க அப்பாக்கள் தினமாவே கொண்டாடினாங்க. அப்படிப்பட்டவர் போயிட்டார்னா அந்த துக்கம் அரசாங்கம் சொல்லி வர்ற துக்கம் மட்டும் இல்லைங்கறது போய் இறங்கினவுடனே தெரிஞ்சிரும்.

அரசாங்கம் சொன்னது என்னன்னா, கவர்மென்ட் ஊழியர்களுக்கு ஒரு வருஷம் துக்கம், கொடி 30 நாள் அரைக்கம்பம், பொதுமக்கள் 30 நாளைக்கு கொண்டாட்டங்களைத் தவிர்த்துக்கங்க. சுற்றுலாக்காரங்களுக்குன்னு டூரிசம் துறை தனியா ஒரு அறிவிப்பு விட்டாங்க, முடிஞ்சா அடக்கமான கலர்ல, மரியாதையா டிரஸ் பண்ணிக்கங்க, மத்தபடி எல்லா இடமும் வழக்கம்போல திறந்திருக்கும், அரண்மனையும் மரகத புத்தர் கோயிலும் மட்டும் கொஞ்ச நாளைக்கு மூடியிருக்கும்னு. இந்த "முடிஞ்சா"ங்கறது இருக்கு பாருங்க, அதுதான் தாய்லாந்து. கட்டாயம்னு சொல்ல மாட்டாங்க. உங்க இஷ்டம்னு விட்டுட்டு, நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, திட்டவும் மாட்டாங்க, ஆனா அந்த சிரிப்பு கொஞ்சம் சுருங்கும்.

கறுப்புத் துணி பத்தி சொல்லியே ஆகணும். ராஜா போன ரெண்டு மூணு நாள்லயே பாங்காக்ல கறுப்பு சட்டைக்குத் தட்டுப்பாடு வந்திருச்சு. பாதி வியாபாரிங்க விலையை ஏத்திட்டாங்க, வர்த்தக அமைச்சகம் இறங்கி எச்சரிக்கை விட வேண்டியதாப் போச்சு. அப்போ ஜனங்க என்ன பண்ணாங்கன்னா, இருக்கற சட்டைக்கே சாயம் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் போனப்போ ஒரு தெருவோரத்துல பெரிய பெரிய அலுமினிய அண்டா, கீழ கேஸ் அடுப்பு, உள்ள கறுப்புத் தண்ணி கொதிக்குது, வாலன்டியர் பசங்க கையில ரப்பர் கிளவுஸ், நீளமான குச்சியால கிண்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு அம்மா மஞ்சள் டீஷர்ட் ஒண்ணைக் குடுத்தாங்க. ராஜா பொறந்தது திங்கக்கிழமை, அங்க ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கலர், திங்களுக்கு மஞ்சள், அதனால ராஜாவுக்காக மஞ்சள் சட்டை போடறது அந்த ஊர் வழக்கம். அந்த மஞ்சள் சட்டையைத்தான் அண்டாவுல போட்டாங்க. வெளிய எடுத்தப்போ கறுப்புன்னும் சொல்ல முடியாது, பாசி மாதிரி ஒரு நிறம், நெஞ்சுல இருந்த எழுத்து மட்டும் சாயம் பிடிக்காம அப்படியே நிக்குது. அந்தம்மா அதைப் பிழிஞ்சு உதறி கொடியில போட்டுட்டு காயற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க.

கறுப்புச் சட்டை வாங்க வசதி இல்லாதவங்க சின்னதா ஒரு கறுப்பு ரிப்பன் குத்திக்கலாம்னு அரசாங்கமே சொல்லிச்சு, ஏன்னா கறுப்பு போடாதவங்களை நெட்ல போட்டோ போட்டு திட்டற கூட்டமும் அப்போ கிளம்பிடுச்சு, அதையும் மறைக்கக் கூடாது. என் க்ரூப்ல எல்லாருக்கும் ஒரு ரிப்பனும் ஊக்கும் குடுத்துட்டேன். பாட்டிம்மா ஒருத்தங்க கட்டியிருந்தது நல்ல அரக்கு கலர் புடவை, மாத்திக்க மனசு வரல, சரின்னு தோள்ல ரிப்பனைக் குத்தி விட்டோம். ஹோட்டல் வாசல்ல நின்ன செக்யூரிட்டி அதைப் பார்த்துட்டு குனிஞ்சு கைகூப்பினார். ஒரு ரிப்பனுக்கு இவ்வளவு மரியாதையான்னு பாட்டிம்மா கேட்டுக்கிட்டே வந்தாங்க.

மத்தபடி என்ன மாறிச்சு? டிவில எல்லா சேனல்லயும் ஒரே நிகழ்ச்சி, அதுவும் கறுப்பு வெள்ளையில, நியூஸ் வெப்சைட் எல்லாம் சாம்பல் கலர்ல. ஸ்கைட்ரெயின் ஸ்டேஷன்ல எப்பவும் கத்திக்கிட்டே இருக்கற விளம்பர ஸ்க்ரீன் எல்லாம் அமைதி. ராத்திரி பார் தெருக்கள்ல முதல் சில நாள் லைட்டே இல்ல, அப்புறம் திறந்தாங்க ஆனா பாட்டு இல்ல, இருந்தாலும் மெதுவா. கோ பாங்ஙான் தீவுல பௌர்ணமி ராத்திரி பீச்ல ஆடற ஃபுல் மூன் பார்ட்டி, அந்த மாசம் நடக்க இருந்தது கேன்சல். புட்பால் லீகை பாதியில முடிச்சு, அப்போ முன்னாடி இருந்த டீமையே சாம்பியன்னு சொல்லிட்டாங்க. நவம்பர்ல ஆஸ்திரேலியாகூட உலகக் கோப்பை தகுதிச் சுற்று மேட்ச், அது ரத்தாகல, ஜனங்க கறுப்பு போட்டு ஸ்டேடியத்துக்கு வந்தாங்க, 2-2 ட்ரா. ஆக வாழ்க்கை நின்னு போகல, சத்தம்தான் குறைஞ்சுது. ஆஸ்பத்திரி, பேங்க், பீச், மார்க்கெட், சாப்பாட்டுக் கடை, ஃபெர்ரி எல்லாமே ஓடிச்சு. பார்ட்டிக்குன்னே போறவங்களுக்கு வேணா அது நஷ்டம், ஊர் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லைன்னுதான் நான் சொல்வேன்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு லாபம்கூட இருந்துச்சு. கூட்டம் குறைஞ்சுரக் கூடாதுன்னு 2016 டிசம்பர் 1ல இருந்து விசா ஆன் அரைவல், அதாவது அங்க போய் இறங்கினதும் வாங்கற விசாவோட கட்டணத்தை 2000 பாட்ல (அந்த ஊர் காசு) இருந்து 1000 பாட்டா குறைச்சாங்க, அந்த லிஸ்ட்ல இந்தியாவும் இருந்துச்சு. பயந்து கேன்சல் பண்ணவங்க கேன்சலேஷன் சார்ஜையும் கட்டினாங்க, இதையும் விட்டாங்க.

இப்போ ஒரு வேடிக்கை. பாங்காக் போனவங்களுக்குத் தெரியும், அரண்மனை வாசல்ல துக்துக்காரர், அதான் அந்த ஊர் ஆட்டோக்காரர், ஒருத்தர் வந்து "இன்னைக்கு பேலஸ் மூடியிருக்கு, வாங்க வேற கோயில் காட்டறேன்"னு நைசா பேசி ஜெம்ஸ் கடையில கொண்டு போய் விட்டுருவார். பல வருஷமா நடக்கற ஏமாத்து வேலை, எல்லா கைடு புக்லயும் "நம்பாதீங்க"ன்னு போட்டிருக்கும். 2016 அக்டோபர்ல அது நிஜமாவே மூடியிருந்துச்சு, 2017 அக்டோபர்ல தகனத்துக்காக கிட்டத்தட்ட மாசம் பூராவும் மூடிட்டாங்க. துக்துக்காரர் பாவம் உண்மையைச் சொல்றார், டூரிஸ்ட் எல்லாம் "எங்ககிட்டயேவா"ன்னு சிரிச்சுட்டு நேரா கேட்டுக்குப் போய் திரும்பி வர்றாங்க. அதனால ரோட்டுல யார் சொல்றதையும் கேக்காம அரண்மனையோட சொந்த வெப்சைட்டைப் பாருங்க, இல்ல 1155 டூரிஸ்ட் போலீஸுக்கு போன் போட்டுக் கேளுங்க.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். வாய். தாய்லாந்து குற்றவியல் சட்டத்துல 112ன்னு ஒரு பிரிவு, ராஜா, ராணி, பட்டத்து வாரிசு, இவங்களை அவமதிச்சா ஒவ்வொரு குற்றத்துக்கும் 3ல இருந்து 15 வருஷம் வரைக்கும் ஜெயில். வெளிநாட்டுக்காரன், தெரியாம பேசிட்டேன், ஜோக்கு, இதெல்லாம் செல்லாது. பேஸ்புக்ல போடறதும் கணக்குல சேரும். இந்தச் சட்டம் சரியா தப்பான்னு அந்த ஊர்க்காரங்களுக்குள்ளயே பெரிய சண்டை இருக்கு, அது அவங்க சண்டை, லக்கேஜைத் தூக்கிட்டுப் போற நம்ம அதுல தலையிட வேண்டியதில்ல. 2016ல ஃபூக்கெட்ல ஒருத்தர் ஆன்லைன்ல ஏதோ தப்பா எழுதிட்டார்னு நூத்துக்கணக்கான பேர் ஒரு கடையைச் சுத்தி நின்னுட்டாங்க. துக்கம் கோபமா மாற ரொம்ப நேரம் ஆகாது. டாக்ஸில டிரைவரே பேச்செடுத்தா கேளுங்க, தலையாட்டுங்க, அடுத்த ராஜா எப்படிப்பட்டவர்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க. அப்புறம் காலையில 8 மணிக்கும் சாயந்திரம் 6 மணிக்கும் ஸ்டேஷன், பார்க் மாதிரி இடத்துல தேசிய கீதம் போடுவாங்க, எல்லாரும் அப்படியே நின்னுருவாங்க, நீங்களும் நில்லுங்க. இது துக்க காலத்துக்கு மட்டும் இல்ல, எப்பவுமே.

லண்டன்லயும் இதே கதைதானான்னு கேப்பீங்க. இல்ல, அது வேற மாதிரி. 2022 செப்டம்பர் 8 எலிசபெத் ராணி போனாங்க, 19ஆம் தேதி இறுதிச் சடங்கு, பத்து பன்னண்டு நாள்ல முடிஞ்சுது. அங்க துக்கம்னா க்யூ. தேம்ஸ் ஆத்தங்கரை ஓரமா மைல் கணக்குல வரிசை, கையில பட்டை கட்டி விட்டாங்க, ராத்திரி பூரா நின்னு ஒரு நிமிஷம் சவப்பெட்டியைப் பார்த்துட்டு வந்தாங்க. டிரஸ் பத்தி டூரிஸ்டை யாரும் கண்டுக்கல. ஆனா இறுதிச் சடங்கன்னைக்கு மௌன அஞ்சலி நேரத்துல தலைக்கு மேல சத்தம் வரக் கூடாதுன்னு ஹீத்ரோல விமானங்களை நிறுத்தி வெச்சாங்க, நூத்துக்கு பதினஞ்சு ஃப்ளைட் நேரம் மாறிச்சு இல்ல ரத்தாச்சு. பெரிய சூப்பர் மார்க்கெட் எல்லாம் லீவு. ஆக அங்க போறவங்க கவலைப்பட வேண்டியது அந்த ஒரு நாளைப் பத்தித்தான், தாய்லாந்துல அப்படி இல்ல, ஒரு வருஷம் நீள்ற விஷயம்.

ஏன் ஒரு வருஷம்னா, தகன மேடை கட்டவே அவ்வளவு நாள் ஆகும். பூமிபோல் ராஜாவுக்கு 2017 அக்டோபர் 26ஆம் தேதி பாங்காக் சனாம் லுவாங் மைதானத்துல தகனம். மேடை 50 மீட்டர் உசரம், மேரு மலை மாதிரி அமைப்பு. சுத்தி சிவன், விஷ்ணு, பிரம்மா, இந்திரன், பிள்ளையார், கருடன், நம்ம ஊர்க்காரங்க போய் நின்னா ஒவ்வொரு சிலையா பேர் சொல்லிருவாங்க. இத்தனை தெய்வத்துக்கு நடுவுல ராஜா வளர்த்த ரெண்டு நாய்க்கும் சிலை, அதுல தோங்டேங்ங்கறது தெருவுல இருந்து எடுத்து வளர்த்த நாய்க்குட்டி. அது முன்னாடிதான் ஜனங்க அதிகமா நின்னு போட்டோ எடுத்தாங்க. ஊர்வலத்துல வந்த தேர் 1795ல செஞ்சது, கிட்டத்தட்ட 14 டன், இருநூறு பேருக்கு மேல சோல்ஜர்ங்க கயிறு பிடிச்சு இழுத்தாங்க. நம்ம தேர் இழுக்கற மாதிரி "ஹோ"ன்னு சத்தம் இல்ல, மேளமும் சங்கும்தான், ரோட்டோரத்துல உக்காந்திருந்த லட்சக்கணக்கான ஜனங்க தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க.

தகனத்தன்னைக்கு ஊர்ல இருக்க நேர்ந்தா முந்தின நாளே சாப்பாடு வாங்கி வெச்சுக்கணும், ஏன்னா 24 மணி நேரமும் திறந்திருக்கற கடைகூட மத்தியானத்தோட மூடிருச்சு. சனாம் லுவாங் பக்கம் போகணும்னா பாஸ்போர்ட் கையில, செக்போஸ்ட் தாண்டித்தான் போகணும். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அரண்மனைக்குள்ள அஞ்சலி செலுத்த விட்டாங்க, ஒரு கோடி பேருக்கு மேல போயிருக்காங்க. ஆம்பளைங்கன்னா காலர் வெச்ச கறுப்பு சட்டை, பேன்ட், ஷூ, பொம்பளைங்கன்னா முட்டிக்குக் கீழ வர்ற பாவாடை, பேன்ட் கூடாது. வெயில்ல க்யூவுல நின்னவங்களுக்கு வாலன்டியருங்க தண்ணி, சோறு, மூக்குல வெச்சு உறிஞ்சற மெந்தால் குப்பி வரைக்கும் சும்மாவே குடுத்தாங்க.

இப்போ 2025க்கு வருவோம். இந்த வாட்டி அரசாங்க ஊழியர்களுக்கு ஒரு வருஷம், பொதுமக்கள் 90 நாள் கறுப்போ அடக்கமான கலரோ போடுங்கன்னு கேட்டாங்க, கச்சேரி கொண்டாட்டம் எதையும் தடை பண்ணல. அதே வார கடைசியில பாங்காக்ல பிளாக்பிங்க்ங்கற கொரியா பாட்டுக் குழுவோட பெரிய கச்சேரி, ரசிகர்களைக் கறுப்பு போட்டு வரச் சொல்லிட்டு நடத்திட்டாங்க. என் க்ரூப்லயும் ஒரு குடும்பம் பீச் ஹோட்டல்ல வெளிய லான்ல பாட்டும் டான்ஸுமா ஒரு ஃபங்ஷன் வெச்சிருந்தாங்க. ஹோட்டல் மேனேஜர் வந்து, உள்ள ஹாலுக்கு மாத்திக்கலாமா, சார்ஜ் எதுவும் இல்லன்னு கேட்டார், அட்வான்ஸ் கட்டினவர் முதல்ல எகிறினார், நான்தான் ஓரமா கூட்டிட்டுப் போய், வெளிய அந்த சர்வர் பசங்க எல்லார் சட்டையிலயும் ரிப்பன் இருக்கு பாருங்கன்னு காட்டினேன். ஹாலுக்குள்ள மாத்திட்டோம். ஏசி இருந்ததால டான்ஸ் இன்னும் ஒரு மணி நேரம் கூடவே ஓடிச்சு.

டிக்கெட் போட்டவங்க பெட்டியில ஒரு கறுப்பு இல்லாட்டி வெள்ளை சட்டை வெச்சுக்கங்க, கையோட ஒரு ஊக்கும் எடுத்துக்கங்க, ரிப்பன் அங்கயே கிடைக்கும். நன்றி, வணக்கம்.